எங்கள் கொல்லையில் கேட்ட ஏர்ச் சத்தம்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு ஆடி மாதம். ஜவ்வாது மலையில் புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் எங்கள் ஊர். அங்கேதான் இது நடந்தது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பேசித்தான் பழக்கம். வாய் ஜாஸ்தி என்று ஊரில் பெயர் எடுத்தவள். அதனால் எதிரில் உட்கார்ந்து கேட்கிற ஒருத்தரிடம் சொல்வது போலவே எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் பாதி வருடம் விவசாயி, பாதி வருடம் தோட்டக் கூலி. ஐப்பசியில் சாமை அறுத்து, களத்தில் மிதித்து, நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்து வைத்துவிட்டு, தை பிறந்ததும் கர்நாடகப் பக்கம் காபித் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். மலையில் பல வீட்டு ஆண்கள் அப்படித்தான். ஆனிக் கடைசியில் திரும்பி வந்து ஏர் பூட்டுவார். எங்கள் நிலம் மானாவாரிக் கொல்லை. கிணறு கிடையாது, போர் கிடையாது. ஆடியில் ஒரு நல்ல மழை பெய்து, அந்த ஈரம் காய்வதற்குள் விதைத்துவிட்டால் அந்த வருடம் உண்டு. விட்டால் இல்லை.

அந்த வருடம் அவரோடு நான் கடைசியாகப் போனில் பேசியது ஒரு பலாமரத்தைப் பற்றி. எங்கள் கொல்லைக்கும் பக்கத்துக் கொல்லைக்கும் நடுவில் வரப்பின் மேல் நிற்கிற மரம். பக்கத்துக் கொல்லைக்காரர் தன்னுடையது என்பார், நாங்கள் எங்களுடையது என்போம். அந்த ஆனியில் எங்கள் வீட்டில் ஆம்பிளை இல்லாத நேரம் பார்த்து அவர் பழத்தை எல்லாம் இறக்கிவிட்டார். நான் போனில் மூச்சு விடாமல் திட்டித் தீர்த்தேன்.

"வுடு. ஒரு மரத்துக்குப் போயி இன்னாத்துக்கு இவ்ளோ கத்தற? நான் வந்து பேசிக்கிறேன்" என்றார்.

வந்து பேசவில்லை. தோட்டத்தில் காபிச் செடிக்கு நிழலுக்காக நிற்கிற மரத்தின் கிளையைக் கழிக்க ஏறியவர், கிளை முறிந்து கீழே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். ஆம்புலன்ஸ் புதூர்நாடு வரை வந்தது. அங்கிருந்து ஜீப்பில் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். எங்கள் பெண்கள் இரண்டு பேரும் சின்னவர்கள். அப்பா தூங்குகிறார் என்று சின்னது நினைத்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பெண்களோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த எனக்கு, ஓட்டின் மேல் விழுகிற சத்தத்திலேயே அது விதைப்பு மழை என்று தெரிந்துவிட்டது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு நிமிடம் நிறுத்தி வாசலைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், நானும் அதைத்தான் நினைத்தேன். புருஷனைப் புதைத்த அன்றைக்கு ஒருத்தி மண்ணின் ஈரத்தை நினைப்பாளா என்று கேட்காதீர்கள். மானாவாரிக்காரி நினைப்பாள்.

சாவு விழுந்த வீட்டார் காரியம் முடியும் வரை ஏரைத் தொடக் கூடாது, விதையைத் தொடக் கூடாது, கொல்லைப் பக்கமே போகக் கூடாது. எங்கள் பக்கத்து முறை அது. காரியம் பதினாறாம் நாள். ஆடிக் காற்றுக்கு இந்த ஈரம் அதுவரை எங்கே நிற்கும்? இன்னொரு மழை வந்தால் உண்டு, வராவிட்டால் கொல்லை தரிசுதான்.

தரிசு போட்டால் பட்டினி கிடப்போம் என்று சொல்லவில்லை. ரேஷன் அரிசி இருக்கிறது. ஆனால் சாமையும், அதற்கு ஊடே போடுகிற துவரையும் மொச்சையும், மாட்டுக்குத் தாளும் இருந்தால்தான் மலையில் அது குடும்பம். அவர் தோட்டத்துக்குப் போய்ச் சம்பாதித்ததும் சேர்ந்துதான் வண்டி ஓடியது. இனி அதுவும் இல்லை, இதுவும் இல்லை என்றால் நான் எதைக் காட்டி அங்கே உட்கார்ந்திருப்பது?

என் அண்ணன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறவர். அடக்கம் முடிந்த மறுநாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"காரியம் முடிஞ்சதும் நீயும் புள்ளைங்களும் என்கூட வந்துருங்கம்மா. கம்பெனியில சொல்லி வேலை வாங்கித் தர்றேன். இங்க இன்னா கீது? மழை வந்தா சோறு, இல்லாட்டி இல்ல. ஆளு இருக்கும்போதே இழுத்துக்கினு கெடந்தது. இப்ப ஒண்டியா இன்னா பண்ணுவ?"

அண்ணன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. என் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். ஆனால் எனக்குப் போக மனசில்லை. ஆம்பூரில் அவர் வீட்டில் ஒரு தடவை போய்த் தங்கியிருக்கிறேன். நல்ல ஜனங்கள்தான். ஆனாலும் கதவைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர், மூடினால் நம் வீட்டுச் சுவர். அங்கே எனக்கு மூச்சு முட்டியது. போக மாட்டேன் என்று சொல்ல என் கையில் ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் கொல்லையில் முளைத்திருக்க வேண்டும். அதுதான் முடியாதே என்று மனசு விட்டுப் போயிருந்தது.

அதற்கு அடுத்த நாள் காலை. மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. அண்ணன் ஆம்பூருக்குப் போயிருந்தார், காரியத்துக்கு வருவதாகச் சொல்லி. என் வீட்டுக்காரரின் தங்கை, வேறு ஊரில் வாக்கப்பட்டவள், எனக்குத் துணையாக இருந்தாள். ஊர் முழுக்க ஏர் பூட்டியிருந்தார்கள். மாட்டை அதட்டுகிற சத்தம் நாலா பக்கமும் கேட்டது. அதில் ஒரு சத்தம் மட்டும் எங்கள் கொல்லைப் பக்கமிருந்து வந்தது. எந்தச் சத்தம் எந்தக் கொல்லையிலிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம், அவ்வளவு சின்ன ஊர் அது. அதுவும் யார் குரல்? பலாமரத்துக்காரர் குரல். ஊருக்கே கேட்கிற தொண்டை அவருக்கு.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"கேட்டியா? குழி மண்ணு காயல, அதுக்குள்ள நம்ப கொல்லையில ஏரைப் பூட்டிட்டாரு. மரம் பத்தலியாம், நெலமும் வேணுமாம்" என்று எழுந்துவிட்டேன்.

நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒல்லியான உடம்பு. ஆனால் பிடியை என்னால் உதற முடியவில்லை.

"குந்துங்க அண்ணி. கொல்லை எங்கியும் போவல. யாரும் புடுங்கிக்கல."

"பின்ன இன்னா பண்றாங்க அங்க?"

"நீங்க வூட்டாண்ட இருங்க. அவ்ளோதான் நான் சொல்லுவேன்."

"தெரிஞ்சத சொல்லேன்டி!"

"சொல்லக் கூடாது அண்ணி" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. நான் மலைக்கு அந்தப் பக்கம், வேறு நாட்டில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த பிறகு, விதைப்பு நேரத்தில் இந்த ஊரில் சாவு எதுவும் விழுந்ததில்லை. அதனால் எனக்கு எதுவும் விளங்கவில்லை. வாசலில் நின்று அந்தப் பக்கம் பார்த்துக் கொஞ்ச நேரம் ஏசினேன். காற்று எதிர்க்காற்று, யார் காதிலும் விழுந்திருக்காது. அன்று சாயங்காலம் எனக்குக் களி கொண்டுவந்து வைத்தது பலாமரத்துக்காரரின் மனைவி. துக்க வீட்டுக்கு முறை போட்டுச் சோறு வரும், அன்றைக்கு அவர்கள் முறை. அவள் கால் முழுக்கச் சேறு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் பாத்திரத்தை வைத்துவிட்டுப் பெரியவளின் தலையை ஒரு தடவை தடவிவிட்டுப் போனாள்.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் பையோடு தயாராக இருந்தார். கடைசியாகக் கொல்லையை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். நாத்தனாரும் அண்ணனும் கூடவே வந்தார்கள்.

ஏற்றம் ஏறித் திரும்பினால் எங்கள் கொல்லை. திரும்பினேன். கொல்லை முழுக்கப் பச்சை. சாமைப் பயிர் விரல் உயரத்துக்கு எழும்பி நின்றது. ஊடே துவரை இரண்டு இலை விட்டிருந்தது. வேறு யாருடைய கொல்லைக்கோ வந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

நாத்தனார் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "வெதைப்பு நேரத்துல சாவு வுழுந்தா அந்த வூட்டுக் கொல்லையை ஊரு வெதைக்கும் அண்ணி. அந்த வூட்டு வெதையைத் தொட மாட்டாங்க. வூட்டுக்கு ஒரு படி அவங்கவங்க கொண்டாந்து ஆளுக்கொரு துண்டுல போடுவாங்க. மொதல் ஏரு பக்கத்துக் கொல்லைக்காரருதான் பூட்டணும்."

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"மொளைக்கிற வரைக்கும் சொல்லக் கூடாது."

"ஏன்?"

"மொளைக்கலன்னா?" என்றாள்.

ஏற்கெனவே இடிந்து கிடக்கிறவளுக்கு ஆசையைக் காட்டி, அதுவும் பொய்த்துப் போனால் தாங்க மாட்டாள் என்று யாரோ எந்தக் காலத்திலோ யோசித்திருக்கிறார்கள். பக்கத்துக் கொல்லையில் பலாமரத்துக்காரர் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் வந்தது அவருக்குத் தெரியும். நிமிர்ந்தே பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. முறை என்று இருக்கிறது, அதனால் ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதானே என்று மனசின் ஒரு மூலை அப்போதும் முரண்டு பிடித்தது.

அண்ணன் பயிரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, அறுக்கிற வரைக்கும் இரு. அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பையை எடுத்துக்கொண்டு தனியாகவே ஜீப் ஏறினார். நாத்தனாரும் தன் ஊருக்குப் போய்விட்டாள். நானும் பிள்ளைகளும் மாடும் மிஞ்சினோம்.

பயிர் வளர வளர எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. கொல்லை ஒரே மாதிரி இல்லை. என் வீட்டுக்காரர் சாமை போட்டால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே உயரத்தில் நிற்கும். எப்போதும் ஒரே ரகம்தான் போடுவார், சீக்கிரம் விளைகிற சிட்டஞ்சாமை. இப்போதோ ஒரு இடத்தில் முழங்கால் உயரம், பக்கத்திலேயே கட்டையாக ஒரு துண்டு, ஒரு துண்டில் தோகை அகலம், இன்னொன்றில் ஊசி மாதிரி. ஒட்டுப் போட்ட போர்வை மாதிரி இருந்தது. வீட்டுக்கு வீடு விதை வேறு. சில வீடுகளில் சிட்டஞ்சாமை, சில வீடுகளில் நாள் அதிகம் எடுக்கிற பெருஞ்சாமை. அதிலும் ஒவ்வொருவர் வீட்டு விதைக்கும் ஒரு குணம். இது எப்போது விளைந்து, எப்போது அறுத்து, எப்படி வீடு வந்து சேரும் என்று ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை. நன்றியோடு இருக்க வேண்டியவள் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். என்ன செய்வது, வயிற்றுப் பாடு.

புரட்டாசியில் மழை சுத்தமாக நின்றுவிட்டது. கதிர் வெளியே வரும் நேரம் பார்த்து வானம் வெளுத்துக் கிடந்தது. ஊரில் சிட்டஞ்சாமை போட்ட எல்லோருக்கும் அந்த வருடம் அடி. கதிர் பாதிக்குப் பாதி பதர். எங்கள் கொல்லையிலும் அந்தத் துண்டுகள் அப்படித்தான் போயின. ஆனால் பெருஞ்சாமைத் துண்டுகள் அப்போது இன்னும் கதிர் விடாமல் தோகையாகத்தான் நின்றன. வாடின, சுருண்டன, சாகவில்லை. ஐப்பசியில் மழை இறங்கியதும் அவை நிமிர்ந்துகொண்டன. என் வீட்டுக்காரர் இருந்து அவர் கையால் விதைத்திருந்தால் அந்த வருடம் எங்கள் களத்தில் தூற்ற ஒன்றும் இருந்திருக்காது. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

அடுத்தது அறுப்பு. சாமை முற்றிவிட்டால் காத்திருக்காது, கொட்டிவிடும். கொல்லை முழுக்க ஒரே நேரத்தில் விளைந்தால் ஒரு கூட்டமே இறங்கி அறுக்க வேண்டும். நாம் இன்றைக்கு அவர்கள் கொல்லைக்குப் போனால் நாளைக்கு அவர்கள் நம் கொல்லைக்கு வருவார்கள், அதற்கு மாத்தாள் என்று பெயர். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேராகப் போய்த்தான் எங்களுக்கு அது சரிக்கட்டியது. ஒண்டி ஆளாக எத்தனை கொல்லைக்குப் போய் எத்தனை பேரைத் திரும்ப அழைப்பேன்?

அழைக்க வேண்டிய தேவையே வரவில்லை. ஒரு துண்டு விளையும், அறுப்பேன். அதைச் சுமந்து பாறைக் களத்துக்குக் கொண்டுபோய், காலால் மிதித்து, தூற்றி, வீட்டில் கொட்டுவதற்குள் அடுத்த துண்டு பழுத்து நிற்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுப் போனால், அவர்கள் திரும்புவதற்குள் ஒரு ஆள் எவ்வளவு அறுக்க முடியுமோ அவ்வளவுதான் ஒவ்வொரு தடவையும் விளைந்திருந்தது. ஒட்டுப் போட்ட போர்வை என்று அலுத்துக்கொண்டேனே, அதனால்தான் ஒற்றை ஆளாக ஒரு கொல்லையை அறுத்தேன். ஐப்பசியில் தொடங்கிய அறுப்பு கார்த்திகைத் தீபம் வரை போனது.

கடைசியில் மிஞ்சியது மேற்கு மூலையில் ஒரு துண்டு. கதிர் கொஞ்சம் கருப்படித்து, கனத்துத் தலை சாய்ந்து நின்றது. கொல்லையிலேயே நல்ல மணி அதில்தான். அரிவாளோடு அதில் கால் வைத்ததும்தான் உறைத்தது. இந்தக் கருப்புக் கதிர் எங்கள் ஊரில் ஒரே ஒரு வீட்டில்தான் உண்டு. பலாமரத்துக்காரர் வீட்டில்.

அவர் கொல்லை கிழக்கே. பலாமரம் நிற்கிற வரப்பும் கிழக்கே. முதல் ஏர் பூட்டியவர், தன் விதையைத் தன் பக்கத்திலேயே வீசிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிப் போட்டிருந்தால், வரப்பைத் தாண்டி உரிமை கொண்டாட வருகிறார் என்று நான் நிச்சயமாகக் குதித்திருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. வரப்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி, கொல்லையின் மறு கோடிக்குப் போய் விதைத்திருக்கிறார். எந்த முறையும் அவரை அங்கே போகச் சொல்லவில்லை. செத்தவர் வீட்டுக்காரிக்கு ஒரு சந்தேகம்கூட வரக் கூடாது என்று அவராக நடந்து போயிருக்கிறார்.

அந்த மூலையில் நின்று வாய் விட்டு அழுதேன். அவரை நினைத்து அழுதேனா, என் வீட்டுக்காரரை நினைத்து அழுதேனா என்று எனக்கே தெரியாது.

திரும்பி வரும்போது அவர் மனைவி எதிரில் விறகோடு வந்தாள். நிறுத்திக் கேட்டேன். "அக்கா, இப்பிடி ஒண்ணு மாத்தி ஒண்ணு வெளையும்னு தெரிஞ்சுதான் எல்லாரும் போட்டீங்களா?"

அவள் விறகுக் கட்டைத் தலையில் சரி செய்துகொண்டாள். "அதெல்லாம் யாருக்குத் தெரியும்? வூட்டுல இருந்தது, எடுத்தாந்து போட்டோம். ஒருத்தர் வூட்டுது பொய்ச்சாலும் இன்னொருத்தர் வூட்டுது வராதா?" என்றாள். பிறகு, "சீக்கிரம் போ, சின்னது உன்னைத் தேடிக்கினு அழுவுது" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பலாமரச் சண்டை என்ன ஆனது என்று கேட்பீர்கள். அது அப்படியேதான் இருக்கிறது. இந்த ஆனியிலும் நான் ஒரு பக்கம் கத்தினேன், அவர் ஒரு பக்கம் கத்தினார். அப்புறம் பாதிப் பழம் எங்கள் வாசலில் கிடந்தது. அவரிடம் நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். என் வீட்டுக்காரர் எடுத்து வைத்திருந்த விதையை அடுத்த ஆடியில் விதைத்தேன், ஆனால் அதை மட்டும் போடவில்லை. எல்லோர் வீட்டு விதையும் இப்போது என் கொல்லையில் உண்டு.

அந்தக் கார்த்திகையில் தீபம் கழித்து அண்ணன் வந்தார். வரும்போதே காலிப் பை ஒன்று கொண்டுவந்திருந்தார், எங்கள் துணிமணிகளை எடுத்து வைக்க. சாமைச் சோறும் துவரைக் குழம்பும் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே மூலையில் இருந்த தொம்பையைப் பார்த்தார். மூங்கில் பின்னிச் சாணம் மெழுகிய எங்கள் தானியக் கூடு அது. எழுந்து போய் உள்ளே கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரைக்கும் போவதற்குள் கையில் சாமை தட்டியது. வந்து உட்கார்ந்து மறு சோறு வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது அந்தப் பையை என்னிடம் நீட்டினார்.

"இதுல கொஞ்சம் சாமை போட்டுக் குடும்மா. உங்க அண்ணி கேட்டா" என்றார்.

ஆம்பூருக்கு வா என்ற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. ஒவ்வொரு ஆடியிலும் ஏரைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் இறங்கும்போது, பார்க்கிறவர்களுக்கு நான் ஒற்றைப் பொம்பளையாகத்தான் தெரிவேன். எனக்கு மட்டும் ஒரு நாளும் அப்படித் தோன்றியதே இல்லை.